பொய்யை மட்டும் திரும்பப் பெற்ற அப்பா

பாப்பாரப்பட்டிச் சந்தை நாளில், காலை பத்தே முக்கால் மணிக்கு எங்கள் வீட்டின் நிம்மதி போயிற்று. அறுபதுகளின் நடுப்பகுதி, தேர்தல் நெருங்கியிருந்த நேரம். நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தேன். மைக் செட் வைத்திருந்த அப்பா, ஒரு கட்சிக் கூட்டத்தை அறிவிக்கச் சந்தைக்குப் போயிருந்தார். எழுதிக் கொடுத்த தாளைப் படித்து முடித்தவர், மைக்கை அணைக்காமல் தம் சொந்தப் பேச்சையும் சேர்த்துவிட்டார்.

"நம்ம தெருக் கெணறு ரெண்டு கோடையா அரைகொறையா நிக்குதுங்க. அதுக்கு வந்த சிமெண்டு எங்கேன்னு கேக்கறீங்களா? சேர்மன் ஐயா கட்டற மாடி வூட்டைப் போய்ப் பாருங்க!"

சந்தையே கைதட்டியது. சேர்மன் என்றால் எங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் தலைவர். அன்று அப்பா முகம் மலர்ந்து வீடு வந்தார்.

மாலையில் அம்மாவின் தம்பி வந்தார். கொத்தனார், சேர்மன் வீட்டுக்குச் சுவர் வைத்தவரே அவர்தான்.

"என்னங்க மச்சான் இப்படிப் பண்ணிட்டீங்க? அவரு வூட்டு சிமெண்டு தருமபுரியில வாங்குனது. நானே கூடப் போய் வண்டியில ஏத்துனேன். கெணத்து சிமெண்டு ஒன்றிய குடோன்லதான் கெடக்குது. எடுக்கச் சொல்லி அவரு ஒரு கையெழுத்துப் போடலை. ஒழுகுன தண்ணியில மூட்டையோட கல்லாப் போச்சு."

அப்பா சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

அப்பா பிறந்தது கம்பைநல்லூர் பக்கம், மழையை நம்பிய ஒரு கத்தோலிக்க உழவர் குடும்பத்தில். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தருமபுரியில் ரேடியோ பழுது பார்க்கும் கடையில் வேலை கற்று, திருமணமான பின் சொந்தமாக மைக் செட் வைத்தார். மாதா கோயில் தேர்த்திருவிழா, மாரியம்மன் பண்டிகை, எல்லாக் கட்சிக் கூட்டங்கள் என அனைத்துக்கும் அதே மைக். ஆள்பவர்களைக் கேள்வி கேட்க அவர் அஞ்சியதில்லை. ஆனால் ஒருவருடைய தாயையோ மனைவியையோ உடல் குறையையோ இழுத்துப் பேசினால், பேசுவது யாரானாலும் மைக்கை அணைத்துவிடுவார். புனித வெள்ளியன்று சிலுவைப்பாதை சொல்லும் மைக் அது என்பார். அந்த மைக்கில் தாமே பொய் சொன்னதை அவரால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை, செய்த பாவத்தைக் குருவிடம் சொல்லிப் பரிகாரம் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். அங்கே நடந்ததை அவரே எங்களுக்குச் சொன்னார்.

"செபமாலை சொல்லச் சொன்னா நீ சந்தோசமாச் சொல்லிட்டுப் போயிடுவே," என்றாராம் பங்குச் சாமியார். "ஒருத்தர் பேரை எங்க கெடுத்தியோ, அங்கதான் திருப்பிக் குடுக்கணும்."

அப்பா முதலில் சேர்மன் வீட்டுக்குப் போனார். கதவு திறக்கவில்லை. செய்தி அறிந்து, அன்று கூட்டம் நடத்திய கட்சிக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"தேர்தல் முடியட்டுங்கண்ணா, அப்புறம் சொல்லிக்கலாம்."

"ஓட்டுப் போட்ட பொறவு சொல்லி என்னாத்துக்குங்க?" என்றார் அப்பா.

"இனிமே ஒரு கூட்டத்துக்கும் உங்களைக் கூப்பிட மாட்டோம், பாத்துக்குங்க."

அம்மா அழுதார். "நாலு புள்ளைங்க இருக்குதுங்க. சொல்லாம வுட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

அடுத்த சந்தையில், அதே இடத்தில், அதே நேரத்துக்கு அப்பா மைக்கைப் பிடித்தார். அம்மாவும் நானும் வெங்காயக் கடையின் ஓரமாக நின்றோம்.

"சேர்மன் ஐயா சிமெண்டைத் திருடிட்டாருன்னு போன சந்தையில சொன்னேன். அது பொய்ங்க. விசாரிக்காமச் சொல்லிட்டேன். அவரும் நீங்களும் மன்னிக்கணும். ஆனா கெணறு அரைகொறையா நிக்குது, அந்த சிமெண்டு குடோன்ல கல்லாக் கெடக்குது. அது நெசம். அதை நான் திரும்ப வாங்கிக்கலைங்க."

"ஏனுங்க, சேர்மன் வூட்டுல கறிசோறு பலமுங்களா?" என்று ஒருவர் கத்தினார்.

"சோறு இல்லைங்க. அவரு வூட்டு நாய்தான் என்னைத் தொரத்துச்சு," என்றார் அப்பா மைக்கிலேயே. சந்தையே சிரித்தது.

சொன்னபடியே அந்தக் கட்சியும், முதல் பேச்சை மறக்காத சேர்மனின் கட்சியும் அப்பாவை ஒதுக்கின. ஓராண்டு அம்மாவும் நானும் கூலிக்குக் கடலைக்காய் பறிக்கப் போனோம். ஆனால் வீட்டில் கசப்பு இருந்ததாக எனக்கு நினைவில்லை. மாலைச் செபத்தில் அப்பா சேர்மனுக்காகவும் வேண்டுவார்: "அவருக்கு நல்ல ஒடம்பும் நல்ல புத்தியும் குடும் ஆண்டவரே."

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. புத்தியை மட்டும் கேளுங்க," என்பார் அம்மா. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

மறு கோடைக்குள் புது சிமெண்டு வந்து கிணறு முடிந்தது. சேர்மன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்பா அவமானப்பட்டதுதான் மிச்சம் என்றே நான் பல காலம் எண்ணியிருந்தேன். இன்று என் மகன் கல்லூரி மேடைகளில் தலைவர்களைச் சாடுகிறான். கைதட்டல் வாங்கி அவன் வீடு வரும்போதெல்லாம், விசாரித்துவிட்டுத்தான் பேசினாயா என்று கேட்கிறேன்.

சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து, கடைசி எட்டு நாள் அப்பாவுக்குப் பேச்சில்லை. அந்த அமைதியிலிருந்து நான் இன்னும் மீளவில்லை. இரவும் பகலும் உடனிருந்த கொத்தனார் மாமாவுக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், எவரும் கூப்பிடாத அந்த ஆண்டிலும் தங்கள் வீட்டுத் திருமணத்துக்கு அப்பாவின் மைக்கையே வைத்து, இறுதி நாளில் பந்தலும் போட்டுத் தந்த பக்கத்துக் காட்டுக் கவுண்டர் குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பின், பஸ்ஸில் வந்திறங்கி, தடியூன்றிக் கல்லறைக்கு வந்தார் ஒரு பெரியவர். பதவியெல்லாம் போன சேர்மன். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர் என்னிடம் சொன்னார்.

"என்னைத் திட்டுனவங்க ஆயிரம் பேருங்கம்மா. தப்பாத் திட்டிட்டேன்னு வந்து சொன்னது இவரு ஒருத்தருதான். அன்னிக்கு நான் வூட்டுக்குள்ளதான் இருந்தேன்."

குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கல்லறைமேல் இட்டார்.

"இவரு திரும்ப வாங்கிக்காத மீதி இருக்குதே, அதுவும் நெசந்தாம்மா. அந்த சிமெண்டு என்னாலதான் கல்லாச்சு."