வெட்டப்பட்ட ஓரம்

ஐப்பசி 9, திங்கள்: காலையில் மச்சான், முன்னறைச் சுவரிலிருந்த தேக்குச் சட்டத்தைக் கழற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டுசென்றார்.
ஐப்பசி 11, புதன்: அதே சட்டத்தில் என் மனைவியின் ஒளிப்படம் வந்தது.
ஐப்பசி 12, வியாழன்: அவள் இறந்து முப்பத்தோராம் நாள் கிரியை. படத்துக்கு மாலையிடப்பட்டது.

சட்டத்தை எடுத்துப் போகச் சொன்னவன் நான். உள்ளே இருந்ததைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

உள்ளே இருந்தது ஓர் அச்சுப்படம். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளில் செய்யப்பட்டது. வெளிநாட்டில் ஆய்வை முடித்துப் புறப்பட்டபோது என் பேராசிரியர் தந்தது. செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்தெடுத்த மூன்று கறுப்புக் கோடுகள். அவற்றின் கீழே, தகட்டில் பிசின்தூள் தூவிப் பெற்ற, மணல் படிந்தாற்போன்ற சாம்பல் நிறம். உருவம் ஏதுமில்லை. மனைவி முதன்முதல் பார்த்தபோது, "வத்தின குளம்" என்றாள்.

போரில் இடம்பெயர்ந்த காலத்தில் அதைக் குழாயொன்றில் சுருட்டி அவள்தான் சுமந்தாள். தங்கிய இடங்களைக் கீழ் ஓரத்தில் பென்சிலால் குறித்தும் வந்தாள்: அக்கராயன், புதுக்குடியிருப்பு, முகாமில் எங்கள் கூடாரத்தின் இலக்கம். முகாமிலிருந்து வந்து தங்கிய நெளுக்குளத்தின் பெயரை அவள் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் நான் கண்டேன். ஓவியரின் கையொப்பத்துக்கு அருகிலேயே எழுதியிருந்தாள். கடிந்துகொண்டேன்.

"படத்திலை நான் தொடேல்லையே. வெள்ளையிலைதானே எழுதினனான்" என்றாள்.

அக்கராயனுக்குத் திரும்பியதும், அவள் எழுத்து மறையும்படி அகலமான மட்டை வைத்துச் சட்டமிட்டேன். இந்த முப்பத்தொரு நாளும் அந்த எழுத்தைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

கிரியை முடிந்து பந்தியும் கலைந்தபின் மச்சானிடம் கேட்டேன்.

"உள்ளுக்கு இருந்த படம் எங்கை?"

"அக்காவின்ரை படத்துக்குப் பின்னாலைதான் இருக்கு, அத்தான். நல்ல தடிப்புக் கடதாசி எண்டு கடைக்காரர் அதையே வைச்சு அடிச்சிட்டார்."

"அளவு பொருந்தினதோ?"

"சட்டத்தைச் சின்னனாக்கினவர். கடதாசியிலையும் ஓரத்தை வெட்டினவர். வெள்ளைதானே. உங்கடை கோடெல்லாம் பத்திரமாய் இருக்கு, பயப்பிடாதேங்கோ."

"வெட்டின துண்டுகள்?"

"அதை ஆர் பாத்தது, அத்தான்?"

சரி என்றேன். மாலையிட்ட படத்தை, ஓராண்டு நிறைவில் வரும் ஆட்டைத் திவசத்துக்கு முன் சுவரிலிருந்து இறக்குவது எங்கள் வீட்டு வழக்கமில்லை.

செய்யாமல் கிடப்பவை:

கிளிநொச்சிக் கடையில் வெட்டிய துண்டுகளைப் பற்றி விசாரிப்பது.

ஆட்டைத் திவசம் முடிந்ததும் சட்டத்தைப் பிரித்து, மீதியைப் பார்ப்பது.

அந்தக் கூடாரத்தின் இலக்கத்தை, முகாமில் எங்களோடு இருந்த மச்சானிடம் கேட்டு எழுதிவைப்பது. எனக்கு நினைவில்லை.