பியாட்ரிஸ் நட்ட கம்பு

பியாட்ரிஸுக்கு மழை என்றாலே பயம். மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்து லகாட்டைத் தாண்டி, முன்பு ரப்பர் பால்மரத் தோட்டமாக இருந்து இப்போது எண்ணெய்க்கான செம்பனையாகிவிட்ட இடத்தில்தான் அவள் பிறந்தாள், கல்யாணம் கட்டினாள், விதவையும் ஆனாள். தோட்டம் போய்விட்டது, துரை போய்விட்டார். மிஞ்சியது சாலை ஒன்றுதான். அதையும் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் தினம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தன. சாலை யாருடையது என்று கேட்டால் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டும்.

வளைவில் இருந்த குழிதான் படுமோசம். வெயில் நாளில் கண்ணுக்குத் தெரியும். மழை பெய்தால் தண்ணீர் நிரம்பி, சாலையோடு சாலையாகப் படுத்துக்கொள்ளும். ரொட்டி விற்கும் சீனி அங்கேதான் மோட்டார் சைக்கிளோடு விழுந்தார். பின்னால் வந்த லோரியால் நிறுத்த முடியவில்லை. சத்தம் கேட்டு முதலில் ஓடியவள் பியாட்ரிஸ். அங்கே பார்த்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அன்றிலிருந்து அவள் வீட்டில் ரொட்டி வாங்குவதில்லை.

மகள் வலேரி ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறாள். போக வர அதே வளைவு, அதே குழி. "பாத்து வா" என்று தாய் சொன்னால், "கண்ண மூடிக்கிட்டா ஓட்டுறேன்?" என்பாள். சீனியும் கண்ணைத் திறந்துகொண்டுதானே ஓட்டினார்! வாசலில் மகளின் மோட்டார் சத்தம் கேட்கும்வரை பியாட்ரிஸுக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் அவளே களத்தில் இறங்கினாள். நீளமான கம்பு ஒன்றைக் குழியில் நட்டு, சுற்றிலும் கற்களைச் செருகி, தன் பழைய சிவப்புக் கைலியைக் கிழித்து உச்சியில் கட்டினாள். தூரத்திலிருந்தே தெரிந்தது. வண்டிகள் ஒதுங்கிப் போயின.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. வளைவில் கல், கம்பு, சிவப்புத் துணி. நம் ஆட்களுக்கு இது போதாதா? முதலில் எலுமிச்சம்பழம் வந்தது. பிறகு சுருட்டு. பிறகு, சீனி செத்த இடத்தில் முனியாண்டி காவலுக்கு வந்துவிட்டார் என்ற பேச்சு. மோட்டாரில் போகிறவர்கள் ஹாரன் அடித்து, ஒரு கையைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மாதா கோயிலுக்குப் போகும் பியாட்ரிஸுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எப்படியோ வேகம் குறைகிறதே என்று வாயை மூடிக்கொண்டாள். அங்கேதான் அவள் தப்புக் கணக்குப் போட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் தார் லோரி வந்தது. எல்லாக் குழிகளையும் அடைத்துக்கொண்டே வந்த ஆட்கள், வளைவுக் குழியை மட்டும் சுற்றிக்கொண்டு போனார்கள். பியாட்ரிஸ் பதறி ஓடினாள்.

"தம்பி, இத ஏன் விட்டுட்டீங்க?"

ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் தர்மேந்திரன் தொப்பியைக் கழற்றினார். "சாமி இருக்குக்கா. நம்ம கை வைக்கக் கூடாதுலா."

"சாமி இல்ல தம்பி. நான் நட்ட கம்பு. அது என் கைலி!"

"நட்டது நீங்கதான். ஊரே கும்புட்டாச்சே. எனக்கும் புள்ளகுட்டி இருக்குக்கா. நீங்களே எடுத்துருங்க, நான் தார் ஊத்துறேன்."

தான் நட்ட கம்புதான். ஆனாலும் அதைத் தொடக் கை வரவில்லை. ஞாயிறு தவறாமல் பூசை காண்பவள்தான். ஆனால் முச்சந்தியில் எலுமிச்சம்பழத்தைக் கண்டால் தாண்டாமல் சுற்றிப் போகிறவளும் அவளேதான். எடுத்து, அந்தக் கோபம் வலேரி மேல் இறங்கினால்? எடுக்காமல் குழி அப்படியே கிடந்தால்? இரண்டு பக்கமும் பயம். வானம் கறுத்தது.

"மழ வருதுக்கா. சீக்கிரம்!"

சிலுவை போட்டுக்கொண்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று கம்பையும் ஒருமுறை கும்பிட்டாள். பிறகு இரண்டு கையாலும் பிடுங்கினாள். கற்களும் ஓரத்து மண்ணும் பெயர்ந்து வந்தன. அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. ஆட்கள் தாரின் மேல் கித்தானை இழுத்து மூடினார்கள்.

"மழையில தார் ஒட்டாதுக்கா. திங்கக்கெழம வாரேன்."

"அதுவரைக்கும் தம்பி?" என்று அவள் கேட்டபோது லோரி நகர்ந்துவிட்டது.

கம்பைத் திரும்ப நட்டுப் பார்த்தாள். ஓரம் இடிந்து அகன்ற குழியில் அது நிற்கவில்லை, சாய்ந்து விழுந்தது. அவள் கண் முன்னாலேயே தண்ணீர் நிரம்பிக் குழி மறைந்தது. வலேரியைக் கைப்பேசியில் அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மோட்டாரில் கிளம்பிவிட்டாள் என்றால் எடுக்கமாட்டாள்.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. இத்தனை நாளும் எல்லோரும் துணியைப் பார்த்துத்தான் ஒதுங்கினார்கள். துணி இல்லை, முன்னும் பின்னும் புதுத் தார். குழியை அடைத்துவிட்டார்கள் என்று நம்பி வேகமாகத்தானே வருவார்கள்?

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பியாட்ரிஸ் குழிக்குள் இறங்கி நின்றாள். கைப்பேசி விளக்கை ஏற்றித் தலைக்கு மேல் பிடித்தாள். ஒரு லோரி அலறிக்கொண்டு, அவள்மேல் சேற்றை வாரி இறைத்துவிட்டு ஒதுங்கிப் போனது. ஓடிவிடு என்றது உடம்பு. "மாதாவே, மாதாவே" என்பதற்கு மேல் செபம் எதுவும் வாயில் வரவில்லை.

வளைவில் ஒற்றை விளக்கு திரும்பியது. வேகமாக வந்தது. பியாட்ரிஸ் கையை ஆட்டிக் கத்தினாள். பிரேக் கிறீச்சிட, பின்சக்கரம் வழுக்கி, மோட்டார் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

"அம்மா! உனக்கென்ன பைத்தியமா? லோரி அடிச்சிருந்தா? ஏறு, வீட்டுக்குப் போலாம்!"

பியாட்ரிஸ் மகளின் கன்னத்தைத் தொட்டாள். சூடாக இருந்தது. அழுகை பொங்கியது. ஏறிவிடலாம் என்று ஒரு காலைக் குழியிலிருந்து தூக்கினாள். அதற்குள் வலேரிக்குப் பின்னால், தூரத்தில் இன்னொரு விளக்கு தெரிந்தது. தூக்கிய காலை மறுபடி தண்ணீருக்குள் வைத்தாள்.

"வண்டிய ஓரமா தள்ளு வலேரி. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அங்க யாரோ வாராங்க பாரு."