ஆஸ்பத்திரி வீட்டுப் பெண்

ராம்ரதி வாய் திறந்து பேசியதற்கு என்ன காரணம் என்று கேட்டால் எங்கள் மனநல ஆஸ்பத்திரியில் இரண்டு பதில் கிடைக்கும். டாக்டர் மகராஜ், புது மாத்திரை என்பார். மெல்போர்னில் படித்தவர், அந்த மாத்திரையின் முழுப் பெயரையும் மூச்சு விடாமல் சொல்லுவார். நான் அரைவேக்காட்டு மரவள்ளிக்கிழங்கு என்பேன். சலவைக்கட்டில் துணி துவைக்கிறவளை யார் வந்து கேட்கப்போகிறார்கள்.

பக்கத்துத் தீவில் லம்பாசா ஊர்ப்பக்கத்துக் கரும்புக்காட்டுப் பெண் அவள். பிறந்த பிள்ளை செத்துப்போன துக்கத்தில் பேச்சு நின்றுவிட்டது. புருஷன் கைகழுவினான். அண்ணன்காரன் இங்கே லௌடோக்காவுக்குக் கூட்டிவந்து எங்களிடம் விட்டுவிட்டு, "ரெண்டு வாரத்துல வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான். அந்த ரெண்டு வாரம் இன்னும் முடியவில்லை, அவன் இப்போது பிரிஸ்பேனில் இருக்கிறான். ராம்ரதி தன் பாட்டுக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து விரிப்புகளை மடித்துக்கொண்டிருப்பாள். ஓரத்தோடு ஓரம் சேராவிட்டால் உதறிவிட்டு மறுபடி மடிப்பாள்.

இன்னொரு நோயாளி வெரேனிகி, ரா என்கிற மலைப்பக்கத்துப் பூர்வகுடி. அவனுக்குக் காதுக்குள் குரல் கேட்கும். "என்னதாண்டா சொல்லுது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எல்லாம் குறைதான்க்கா. எங்க சித்தப்பா வெளியில இருந்து சொல்றதை இது உள்ள இருந்து சொல்லுது."

ஊசி போடப் போடக் குரல் அடங்கியது, அவன் வாய் அடங்கவில்லை. சமையலுக்கு ஆள் வராத ஒரு நாள், கிழங்கு வேகவைக்கும் வேலையை அவனிடம் கொடுத்தார்கள். அவனே பரிமாறவும் செய்தான். ராம்ரதி ஒரு வாய் கடித்தாள், துப்பினாள், பிறகு தெள்ளத்தெளிவாகக் கேட்டாள்.

"இதுல உப்பு போட்டியா, போடணும்னு நெனச்சதோட சரியா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. வெரேனிகி மட்டும் அசரவில்லை. "நெனச்சேன். உள்ள இருக்கிறவன் வேணாம்னுட்டான்" என்றான். அவள் சிரித்தாள். சாயங்காலம் டாக்டர் வந்து மாத்திரையைப் புகழ்ந்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் அவன் எந்நேரமும் சலவைக்கட்டில்தான். விரிப்பின் இரண்டு முனையை அவள் பிடிப்பாள், இரண்டு முனையை அவன் பிடிப்பான். அவன் கோணலாக மடிப்பதும் அவள் திட்டுவதுமாக ஒரு விரிப்புக்கு அரை மணி நேரம். என் வேலை கெட்டது. ஆனாலும் அந்தத் திட்டைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது, பொய் சொல்வானேன்.

பிறகு அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு என்று ஒன்று இருந்தால்தானே? என் வீட்டுப் பின்னால் கோழித்தீவனம் போட்டு வைத்திருந்த அறையை வாடகைக்குக் கேட்டான், கொடுத்தேன். சந்தையில் கைவண்டி தள்ளினான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அன்னாசிப்பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போவான். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு லீவு நாளில் ஆசையாகப் போன முதல் மனுஷன் அவனாகத்தான் இருப்பான்.

ராம்ரதியை மணந்து கூட்டிவர வேண்டும் என்றான். அவனுக்காக நான் போய் டாக்டரிடம் பேசினேன்.

"சொந்தக்காரங்க கையெழுத்து போட்டாத்தான் வெளிய விடமுடியும்" என்றார் டாக்டர். "அதோட, இது காதல் இல்ல மிஸஸ் கவுண்டர். ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது. நோயோட அறிகுறி."

"எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அந்த அறிகுறி அவர் சாகற வரைக்கும் இருந்துச்சு டாக்டர். யாரும் ஊசி போடல."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் ராம்ரதியை நிரந்தர வார்டுக்கு மாற்றப்போவதாகச் சொன்னார். மதிலுக்கு அந்தப்பக்கம் இருக்கும் கட்டிடம் அது. அங்கே போனவர்களின் துணி சலவைக்கு வரும், ஆள் வந்து நான் பார்த்ததில்லை.

பிரிஸ்பேனுக்குப் போன் போட்டேன். அண்ணன்காரன் கொஞ்ச நேரம் இருமினான்.

"அவ செத்துட்டான்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கோம். திடீர்னு கல்யாணம்னா எப்படிங்க? ஆஸ்பத்திரியே என்னமோ பண்ணிக்கட்டும்."

சாமர்த்தியசாலி. ஒரே பேச்சில் கருமாதியும் கன்னிகாதானமும் முடித்துவிட்டான்.

இதை வெரேனிகியிடம் சொன்னபோது அழுவான் என்று நினைத்தேன். அவன் கைவண்டியில் உட்கார்ந்து யோசித்தான்.

"அப்போ அவளுக்கு வீடு ஆஸ்பத்திரிதானேக்கா? பொண்ணு கேக்கணும்னா அங்கதான் கேக்கணும்."

குரல் திரும்பிவிட்டதோ என்று பயந்தேன். ஆனால் அவன் சொல்லியனுப்பியதும் மலையிலிருந்து அவன் சித்தப்பாவே இறங்கி வந்துவிட்டார். இவனை இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காத வெட்கம் அவருக்கு. துண்டில் சுற்றி, கயிறு கோத்த திமிங்கலப் பல் ஒன்று கொண்டுவந்திருந்தார். அவர்கள் வழக்கத்தில் பல் வைத்துத்தான் பெண் கேட்க வேண்டும். பெண் வீட்டார் அதைக் கையில் வாங்கிவிட்டால் பெண் கொடுத்தாயிற்று, பிறகு பேச்சே கிடையாது.

"பொண்ணு வீடு எப்படி?" என்று என்னிடம் கேட்டார்.

"பெரிய வீடு. வாசல்ல காவல்காரன் எல்லாம் உண்டு" என்றேன்.

விஷயம் டாக்டர் காதுக்குப் போயிற்று. தலைமை நர்ஸ் எசாலாவைக் கூப்பிட்டு, "யாராவது எதையாவது கொண்டுவந்து நீட்டினா வாங்கக்கூடாது, நல்லபடியா பேசி அனுப்பிடுங்க" என்றார். எசாலா ஆறடி ஆம்பிளை, தலைமுறை தலைமுறையாக ஊர்த்தலைவருக்காகச் சபையில் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். "சரி டாக்டர்" என்றார்.

சித்தப்பா வராந்தாத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். பெரியவர் தரையில் இருக்கும்போது நிற்க முடியுமா? எசாலா உட்கார்ந்தார். நர்ஸுகள் உட்கார்ந்தார்கள். தோட்டக்காரனும் மண்வெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தான். சித்தப்பா பல்லை இரண்டு கையிலும் ஏந்தி, இந்தப் பெரிய வீட்டையும் அதன் முன்னோர்களையும் வணங்கி, உங்கள் மகளை எங்கள் மகனுக்குத் தாருங்கள் என்று பழைய முறைப்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மகள் என்று அவளை யாரும் சொல்லிக் கேட்டு எத்தனை காலமாயிற்று. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

எசாலாவின் கைகள் டாக்டருக்குச் சொன்ன "சரி"யை மறந்துவிட்டன. நீண்டு போய்ப் பல்லை வாங்கின. எல்லோரும் வழக்கப்படி உள்ளங்கையைக் குழித்துக் கைதட்டினார்கள்.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். "இங்க என்ன நடக்குது?"

"பொண்ணு குடுத்தாச்சு டாக்டர்" என்றார் எசாலா. அவர் முகத்தில் வியர்வை. "சொந்தக்காரங்க கையெழுத்து வேணும்னீங்க. பல்லை வாங்கினது நான். இனி நான்தான் அவளுக்கு அண்ணன். போட்டுத்தரேன்."

"இது சட்டப்படி..."

"வாங்கின பல்லை நான் திருப்பிக் குடுத்தா எங்க ஊர்ல பந்தியில எனக்கு இடம் கிடையாது டாக்டர். நீங்க அங்க வந்து சட்டம் பேசுவீங்களா?"

அப்போது சலவைக்கட்டு வாசலிலிருந்து ராம்ரதியின் குரல் வந்தது.

"என்னை யாராச்சும் கேட்டீங்களா?"

சித்தப்பா வெரேனிகியை முறைத்தார். அவன் தலையைச் சொறிந்தான்.

"மொதல்ல அவளைக் கேளுடான்னு குரல் சொல்லுச்சு. குரல் பேச்சைக் கேக்கக்கூடாதுன்னு டாக்டர்தான் சொல்லியிருக்காரு."

அவள் சிரிக்கவில்லை. "அந்த ரூம் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

"வெளியிலதாம்மா. தீவனம் வச்சிருந்த ரூம் இல்லியா."

"அதைப் பிடுங்கிட்டு உள்பக்கம் போடச் சொல்லுங்க. அப்புறம் வரேன்."

எசாலா தலையைக் குனிந்துகொண்டார். அவள் இத்தனை வருஷம் படுத்த அறைக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வெரேனிகி அன்றைக்கே திருப்புளி வாங்கிவந்து தாழ்ப்பாளை மாற்றினான்.

டாக்டர் ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தார். மூன்று மாதம் பார்ப்பது, ஒரு தப்பு நடந்தாலும் திரும்பக் கொண்டுவந்துவிடுவது. கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் என்ற முறையில் ஆஸ்பத்திரி பாய் கொடுத்தது, பன்றியும் கொடுத்தது. பன்றி வாங்கியதில் பாதி டாக்டர் மகராஜின் பங்கு. பிராமணர், பன்றி இருந்த பக்கமே திரும்பாமல் நின்று ஆசீர்வதித்தார்.

மூன்றாம் மாதக் கடைசியில், மத்தியான மழையில் குடை பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பின்பக்கம் கூட்டிப்போனேன். வார்டுப் பழக்கம், அவர் கை தன்னால் கதவின் வெளிப்பக்கம் தாழ்ப்பாளைத் தேடியது. அங்கே திருகாணி கழற்றிய ஓட்டைகள்தான் இருந்தன. தள்ளிப் பார்த்தார். திறக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தட்டுங்க டாக்டர்" என்றேன்.

தட்டினார்.

"யாரு?" ராம்ரதியின் குரல்.

"நான்தான்... டாக்டர் மகராஜ்."

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம். கொஞ்சம் நில்லுங்க."

டாக்டரையே வாசலில் நிற்கச் சொல்லிவிட்டாள். அவளைத் திரும்பக் கொண்டுபோக இந்த ஒரு தப்பு போதாதா? உள்ளே வெரேனிகி ஏதோ சொன்னான், அவள் உப்பைப் பற்றித் திட்டினாள், இருவரும் சிரித்தார்கள். டாக்டர் அந்த ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்திரை நல்லா வேலை செய்யுது, மிஸஸ் கவுண்டர்" என்றார் கடைசியில். "இங்கேயே இருக்கட்டும்."

"ஆமாங்க டாக்டர்."

குடையை மடக்கிவிட்டு, அவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் கூரை ஓரமாக ஒதுங்கி நின்றார்.