சாக்கு சொல்லாதே

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மைனி, என் அண்ணன் பெண்டாட்டி, சேலையை மாற்றி, நைட்டிக்கு மேல் அண்ணனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, மீன் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவாள். ஒரு கையில் மீனெண்ணெய் டப்பா, மறுகையில் தேங்காய் நார்ச் சகிரி. ஸ்பிரிங் பட்டை, ஆக்சில், சாக்கு என்று எட்டிய இரும்பில் எல்லாம் வழிய வழியத் தேய்ப்பாள். தெருவே நாறும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலை அடைப்பார்கள். "கடல்ல கெடக்க வள்ளத்துக்கே இதத்தானே தேச்சோம், ஒரு புழு அரிச்சுதா? பொறவு இரும்புக்கு மட்டும் என்ன கேடு?" என்பாள். அவளுடைய அப்பாவுக்கு வள்ளம் இருந்தது. வள்ளத்துக்குச் செய்ததை வண்டிக்கும் செய்தாள். அதில் தப்பு இருக்குமென்று எங்கள் கடப்புறத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அண்ணன் சவூதியில் இருந்தான். அவன் அனுப்பியதில் வாங்கிய வண்டி அது. ஏலம் பிடித்து விற்பது மைனி, ஓட்டுவது நான். காலையில் மீனும் ஐஸும் ஏற்றி, புதுக்கடையில் பாதி இறக்கி, திற்பரப்பு வரை போய், மதியத்துக்குள் வெறும் பெட்டிகளோடு திரும்புவோம். சாக்கு என்றால் கோணிச்சாக்கு இல்லை, ஷாக் அப்சர்பர். எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கெல்லாம் அது சாக்குதான். பள்ளத்தில் விழுந்து எழும் சக்கரம் துள்ளிக்கொண்டே போகாமல் அடக்கிப் பிடிப்பது அதன் வேலை. மீன் வண்டியில் அதற்கு ஆயுசு கம்மி, ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் அதன் தலையில்தான் சொட்டும். வண்டியோடு வந்த பின்பக்க ஜோடி துருவேறிப் போனதும், கோட்டாறில் வேறொரு கம்பெனியின் சாக்கு ஒரு ஜோடி வாங்கி மாட்டினோம். 'வெளி சாக்கு, எத்தன நாளைக்கோ' என்று மைனிக்கு அதன்மேல் நம்பிக்கையே வரவில்லை. அதனால் அதற்கு மட்டும் எண்ணெய் இரட்டிப்பு.

அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் இப்போதும் என் வலது கால் தன்னால் பிரேக்கைத் தேடுகிறது. திற்பரப்பு அருவியில் குளித்த கூட்டம் ஈர உடையோடு ரோடெல்லாம் நின்றது. வெறும் பெட்டிகள் பின்னால் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தன. இறக்கத்தில் ஒரு வளைவு, வளைவில் குண்டும் குழியுமாக ரோடு. நான் ஒன்றும் பறக்கவில்லை, மாதாவுக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். ஈரத்தலையோடு ஒரு பெண், சின்னப் பிள்ளை ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். பிரேக்கை மிதித்தேன். முன்சக்கரம் பிடித்தது. பின்சக்கரமோ குழிக்குக் குழி துள்ளி, தரையில் ஒட்டாமல், வண்டியின் பின்பாகத்தை அப்படியே அவர்கள் பக்கமாகத் தூக்கிப் போட்டது. "ஏசுவே!" என்று மைனி கத்தியது மட்டும் கேட்டது. வண்டி நின்றபோது அந்தப் பிள்ளைக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. பிள்ளையின் கையிலிருந்து விழுந்த சோப்பு டப்பா டயருக்கடியில் நொறுங்கிக் கிடந்தது.

கூட்டம் என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்து இறக்கியது. "மைனி, சாக்கு... சாக்கு..." என்றேன். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. மைனியின் முகம் கறுத்துவிட்டது. "சாக்கு சொல்லாதலே!" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினாள். "ஒரு பிள்ளைய கொல்லப் பாத்துட்டு சாக்கா சொல்லுக? இனி இந்த வண்டியில நீ கை வைக்கப்பிடாது." சாவியை உருவிக்கொண்டாள். டீக்கடை வாசலில் நின்றவர்கள் எல்லாரும் சரியென்று தலையாட்டினார்கள். நான் சொன்னது ஒரு சாக்கு, அவள் கேட்டது வேறொரு சாக்கு. அதை விளக்க அங்கே யாருக்குப் பொறுமை? அந்த ஊர் டிரைவர் ஒருவர் வண்டியை எடுத்தார். நான் பஸ்ஸில் வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல். பிள்ளையை ஏற்றப் பார்த்தவன் என்று பேர் விழுந்தால் எங்கள் பக்கத்தில் எவன் வண்டி தருவான்? ஸ்டியரிங்கை விட்டால் எனக்கு வேறு ஒரு எளவும் தெரியாது.

புதுக்கடையில் எங்கள் ஒர்க்‌ஷாப் மேஸ்திரியிடம் வண்டி நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது, அப்போதுதான் நின்ற வண்டிக்கடியில் அவர் தவழ்ந்துகொண்டிருந்தார். "யம்மா, இஞ்ச வந்து கைய வையுங்க" என்று மைனியைக் கூப்பிட்டார். இடது சாக்கைத் தொட்டவள் சுட்டதுபோலக் கையை இழுத்தாள். "இனி வலது." மைனி கையை வைத்தாள், எடுக்கவில்லை. ஐஸ் பெட்டியில் கிடந்த மீனைப்போல அது குளிர்ந்து கிடந்தது.

"இவ்வளவு தூரம் குழியில ஓடியிருக்கு. வேல செய்யுத சாக்கு சூடாகணும். இது செத்து நாளாச்சு, உள்ள எண்ணெயே இல்ல," என்றார் மேஸ்திரி. "நீங்க தேச்ச மீனெண்ணெயில கடப்புறத்து மணலு ஒட்டிச்சு. தண்டு ஏறி எறங்கும்போ அந்த மணலு, எண்ணெய் ஒழுகாம பிடிக்குத ரப்பர் சீல்ல அறுத்திருக்கு. ஒழுகுனதும் தெரியல்ல, மேல முழுக்க மீனெண்ணெயில்லா? கம்பெனி சாக்கானாலும் வெளி சாக்கானாலும் இதேதான் கதி. வெறும் நல்ல தண்ணியில கழுவித் தொடச்சா மதி, ஒண்ணும் தேய்க்காண்டாம்." மைனி குனிந்து, தன் சேலை முந்தானையாலேயே அந்தச் சாக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி தடுத்தும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை புது ஜோடி சாக்கோடு என்னையே ஓட்டச் சொன்னாள். திற்பரப்பில் அதே வளைவில், அதே டீக்கடை முன்னால், "நிறுத்துலே" என்றாள். இறங்கி நடுரோட்டில் நின்றாள். "அண்ணைக்கு இவன ஏசினேன் இல்லியா? இவன்மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு எனக்க கையில. நான் தேச்ச எண்ணெயாக்கும் அந்தப் பிள்ளைய கொன்னிருக்கும்," என்றாள். டீக்கடைக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். கடப்புறத்தில் ஏலத்தில் நின்று நூறு ஆண்களோடு மல்லுக்கு நிற்கிறவள், முன்பின் தெரியாதவர்கள் முன்னால் கைகூப்பி நின்றாள். எனக்காக வாழ்க்கையில் வேறு எவரும் அப்படிச் செய்ததில்லை. வண்டிக்குள் நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெருந்தன்மையால் குனிகிறேன் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த விபத்துக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு சனிக்கிழமை வண்டியின் அடிப்பாகத்தை டீசல் போட்டுத் துடைத்து வைத்தேன். மறுநாள் காலை, மைனி பூசையிலிருந்து வருவதற்கு முன்பே வலது சாக்கில் புதிதாக ஒரு கசிவு. விரலில் தொட்டு முகர்ந்தேன். மீன் வாடையே இல்லை. சக்கரம் துள்ளி ஓடியதன் அடையாளமாக டயரில் அலையலையாகத் தேய்மானமும் கண்டேன். சாக்கு ஒழுகுகிறது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். ஊரில் திருவிழா நடந்துகொண்டிருந்தது, திருவிழா கழியட்டும் என்று விட்டேன். மைனி வந்து மேலே மீனெண்ணெயைத் தேய்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றேன்.

இப்போது எனக்குச் சொந்த வண்டி. எங்கே நிறுத்தினாலும் முதலில் நாலு சாக்கையும் தொட்டுப் பார்ப்பேன், தண்டில் ஈரம் இருக்கிறதா, ரப்பர் புஷ் ஆடுகிறதா என்று குனிந்து பார்ப்பேன். மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். போன மாதம் மைனியின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரிடம் என் தோளைத் தட்டி மைனி சொன்னாள்: "எனக்க கொழுந்தனாக்கும். நான் செய்த தப்புக்கு ஊரு முன்ன அவமானப்பட்டவன். ஒரு வார்த்த திருப்பிச் சொல்லல்ல கேட்டியளா." எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்து, அவள் கையால் விளம்பிய சோற்றைத் தின்றேன், சவம் நான்.