கேப்டன் காலடியில் அடைகாக்கும் கோழி

"...இப்ப தூக்கினா முட்டை அத்தனையும் கெட்டுப் போயிடும் சார். இன்னும் ரெண்டே நாள், பொரிச்சிடும்," என்கிறார் தோட்டக்காரர் முனிசாமி.

ஓசூர் பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதே என்று இந்தக் காமன்வெல்த் போர் வீரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்திருக்கிறேன். வரிசை பிசகாமல் நிற்கும் வெள்ளைக் கற்களில், ஒரு கேப்டனின் கல்லடியில், பூச்செடிகளுக்கு நடுவே சிவப்புக் கோழி ஒன்று அடைகாக்கிறது. சற்று நேரத்தில் வெளிநாட்டு அதிகாரிகள் அஞ்சலி செலுத்த வரப்போகிறார்கள்.

"அவங்க பார்த்தா உங்க வேலை போயிடாதா?"

"போகும். கோழி போனா வீட்டுல சோறு போகும். இது என் சம்சாரத்தோட கோழி சார். பக்கத்துல நீலசந்திராவுல எங்க வீட்டுலேர்ந்து சுவரேறி வந்து இங்கதான் உட்காருவேன்னு அடம். கேப்டனும் ஒண்ணும் சொல்லலையே."

வாசலில் கார் ஹாரன் கேட்கிறது. முனிசாமி கொட்டகைக்கு ஓடி, போன தடவை யாரோ வைத்துப்போன சிவப்புக் காகித மலர்வளையத்தை எடுத்து வந்து கோழியைச் சுற்றி வைக்கிறார். கொண்டை மட்டும் வெளியே தெரிகிறது, அதுவும் இன்னொரு பூ மாதிரி.

"ரெண்டு நிமிஷம் மௌனம் தாயி, ஞாபகம் வச்சுக்கோ," என்று அதனிடம் சொல்லிவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கேப்டனுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடிக்கிறார்.