நரம்பு இருந்த இடத்தில் நூல்

வினிதாவுக்கு அந்தத் தலையின் மேல் ஒரு தனி மரியாதை இருந்தது. சரியாகச் சொன்னால் அது பாதித் தலை. நடுவில் நேராக அறுத்து, கன்னத்துத் தசையையும் தாடை எலும்பில் ஒரு பகுதியையும் நீக்கி, உள்ளே ஓடும் நரம்புகள் தெரியும்படி யாரோ ஒரு பொறுமைசாலி பத்து வருடங்களுக்கு முன் பிரித்து வைத்தது. நரம்புக்கு மஞ்சள், தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம் என்று பெயின்ட்கூட அடித்திருந்தார்கள். செம்பாக்கம் தாண்டி இருக்கிற அந்தப் பல் மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் தலை, கழுத்து நரம்புகளைப் படித்தது அந்த ஒரு ஸ்பெசிமனில்தான்.

உடலைத் தானம் கொடுத்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. முதல் நாள், உடலை அறுத்துப் படிக்கிற டிசெக்‌ஷன் ஹாலில் வரிசையாக நிற்க வைத்து, நமக்காகத் தன் உடலைத் தந்தவரை மரியாதையோடு நடத்துவோம் என்று உறுதிமொழி எடுக்க வைத்தார் அனாட்டமி பேராசிரியை சுபத்ரா. ஃபார்மலின் நெடியில் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு முணுமுணுத்தார்கள். வினிதா கண்ணில் நீர் வழிய வழிய ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

முடிச்சூர்ப் பெண். அப்பா பொன்னுசாமி தண்ணீர் லாரி ஓட்டுகிறார். அம்மா ஜெயக்கொடி வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். கல்லூரிச் சேர்க்கைக்காக 'முதல் பட்டதாரி' சான்றிதழ் வாங்க தாலுகா அலுவலகத்துக்கு நாலு நடை நடந்துவிட்டு வந்த அப்பா, "பட்டம் வாங்கறதுக்கு முன்னாடியே பட்டதாரின்னு எழுதிக் குடுத்துட்டாங்க பாரு" என்று சிரித்தார். வினிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஆகாத ஒன்றாக அவளை எல்லோரும் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று தோன்றியது.

கல்லூரியில் அவளுக்கு ஒரே நட்பு ஜெபின். மேற்குத் தாம்பரத்தில் மெக்கானிக் மகன். இரண்டு பேரும் அந்தத் தலையின் முன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து படிப்பார்கள்.

"இந்தச் சின்ன நரம்பு இருக்குல்ல, கார்டா டிம்பனி, நாக்குல ருசி தெரியறது இதாலதான்" என்பாள் வினிதா. "காதுக்குள்ளருந்து பின்பக்கமா வந்து நாக்கு நரம்புல சேருது."

"மச்சி, இந்த மனுசன் இதால இன்னா ருசி பாத்திருப்பாரு? பிரியாணியா, தயிர்சோறா?"

"சும்மா இருடா. கேட்டுடப் போறாரு."

"ஒரு காது நம்ம பக்கம்தான கீது. கேக்கட்டும்."

அந்த ஹாலில் ஒரு விதி உண்டு. பழைய ஸ்பெசிமனை விரலால் மட்டும்தான் தொட வேண்டும். கருவி படக் கூடாது. ஏதாவது உடைந்தால் அட்டெண்டர் சம்பந்தத்திடம் உடனே சொல்ல வேண்டும். ஒரு மதியம் ஜெபின் டீ குடிக்கப் போயிருந்தபோது, நரம்பு எங்கே சேர்கிறது என்று இன்னும் தெளிவாகப் பார்க்கிற ஆசையில் வினிதா ஃபோர்செப்ஸ் இடுக்கியால் அதை லேசாகத் தூக்கினாள். அறுந்த சத்தம்கூட வரவில்லை. இரண்டு விரற்கடை நீளத்துக்கு ஒரு மஞ்சள் துணுக்கு ஃபோர்செப்ஸின் நுனியில் தொங்கியது.

சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் போன மாதம் நடந்த ஒன்று. ஒரு பையன் தாடை எலும்பைக் கீழே போட்டு உடைத்தபோது சுபத்ரா மேடம் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஒரு பொருளை எப்படிப் பிடிக்கணும்னு சொல்லித் தர உங்க வீட்ல படிச்சவங்க யாருமே இல்லையா?" அந்தப் பையனின் அப்பா வக்கீல். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். வினிதாவுக்குத்தான் காது எரிந்தது.

மறுநாள் காலை, யாரும் வருமுன் வந்தாள். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த மஞ்சள் நூலை அந்த நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையிலும் சொட்டுப் பசை வைத்து ஒட்டினாள். பார்க்க அசல் நரம்பு மாதிரியே இருந்தது.

ஆனால் அவசரத்தில் தப்பான இடத்தில் ஒட்டிவிட்டாள். தாடைக்குள் இரண்டு பெரிய நரம்புகள் பக்கத்துப் பக்கத்தில் இறங்கும்: முன்னால் நாக்குக்குப் போகிற நரம்பு, அதன் பின்னால் கீழ்ப்பல் வரிசைக்குப் போகிற நரம்பு. பின்பக்கமிருந்து வருகிற நூலை, முதலில் எதிர்ப்பட்ட கீழ்ப்பல் நரம்பிலேயே ஒட்டியிருந்தாள். அது புரிந்தபோது பசை இறுகிவிட்டது. வாசலில் சம்பந்தத்தின் செருப்புச் சத்தம்.

இரண்டு வாரத்தில் இன்டர்னல் தேர்வு. இருபது மேஜை, இருபது ஸ்பெசிமன். காகிதக் கொடி குத்தியிருக்கும் இடத்தின் பெயரை எழுத வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். அடித்ததும் அடுத்த மேஜைக்கு நகர வேண்டும். வரிசையில் ஜெபினுக்கு அடுத்து வினிதா. பதினோராவது மேஜையில் அந்தத் தலை இருந்தது. கொடி குத்தியிருந்தது அவளுடைய நூலில்.

முன்னால் போன எல்லோரும் ஒரு பார்வை பார்த்து 'கார்டா டிம்பனி' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்கள். ஜெபின் மட்டும் குனிந்தான். தலையைச் சாய்த்து, கொடியிலிருந்து கீழே நூல் போகிற வழியே பார்த்துக்கொண்டே போனான். மணி அடித்தும் நகராமல் எழுதினான். பின்னால் வந்து நின்ற வினிதா அவன் தாளைப் பார்த்தாள். கீழ்ப்பல் நரம்பிலிருந்து பிரிகிற இன்னொரு கிளையின் பெயர், மைலோஹயாய்டு. நூல் ஒட்டியிருந்த இடத்தை வைத்துப் பார்த்தால் அவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்.

அவன் நகர்ந்ததும் அவள் 'கார்டா டிம்பனி' என்று எழுதினாள். மதிப்பெண்ணும் கிடைத்தது.

ஜெபினுக்கு இருபதுக்கு ஒன்பது. பத்து இல்லாவிட்டால் பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடியாது. ஆறு மாதம் போய்விடும்.

"கார்டா டிம்பனிகூடத் தெரியாம எப்படிப்பா வந்தே?" என்றார் சுபத்ரா மேடம்.

"அது கீழ்ப்பல் நரம்புல போய்ச் சேருது மேடம். நான் பாத்தேன்."

"பத்து வருஷமா நாங்க யாரும் பாக்காததை நீ பாத்துட்டியா?"

வகுப்பு சிரித்தது. வினிதாவின் உதடும் கூடவே விரிந்தது. தன் முகம் இப்படிச் செய்யும் என்று அவளுக்குத் தெரியாது.

பஸ் ஸ்டாப்பில் ஜெபின், "பேஜாரா கீது வினி. என் கண்ணையே நம்ப முடியல. நான் நாளைக்கு எவன் வாயில ஊசி போடப் போறேன்?" என்றான்.

அவளுடைய பஸ் வந்தது. ஏறினாள். முடிச்சூர் வரை அவள் தன்னையே குடைந்துகொண்டிருந்தாள். இப்போது வலிப்பது அவனுக்காகவா, மாட்டிக்கொள்வோம் என்பதற்காகவா? நேர்மையாகப் பதில் சொன்னால் இரண்டும்தான். எது அதிகம் என்று மட்டும் சொல்ல முடியவில்லை. ஒன்று நிச்சயமாகத் தெரிந்தது. உள்ளது உள்ளபடி பார்க்கட்டும் என்று ஒரு மனிதர் தன் தலையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவரை அவள் பொய் சொல்ல வைத்திருந்தாள்.

மறுநாள் நேராக ஹாலுக்குப் போனாள்.

"இன்னாம்மா, டெஸ்ட்டு முடிஞ்சிச்சே. இன்னும் இந்தத் தலையாண்ட இன்னா வேலை?" என்றார் சம்பந்தம்.

"மேடம் பாக்கணும்ணா. தொட்டியிலருந்து எடுத்துக் குடுங்க."

வினிதா அழைத்து வந்து காட்டிய இடத்தில் சுபத்ரா மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். விரலால் நெருடினார். இழுத்தார். நூல் கையோடு வந்தது.

"எப்போ?"

"டெஸ்ட்டுக்கு ரெண்டு வாரம் முன்னாடி மேடம்."

"உடைஞ்சா சொல்றதுக்கென்ன?"

"வீட்ல படிச்சவங்க யாரும் இல்லையான்னு கேப்பீங்கன்னு..."

"நானா? அப்படியா கேட்டேன்?" அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. கையிலிருந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொடி குத்தினது நான்தான். நானும் பாக்கல."

அந்தக் கேள்விக்கு மற்றவர்கள் வாங்கிய மதிப்பெண் ரத்தானது. கண்ணில் பட்டதை எழுதியதற்காக ஜெபினுக்கு ஒன்று கூடியது, பத்து. வினிதா வகுப்பின் முன் நின்று நடந்ததைச் சொன்னாள். இரண்டு வாரம் ஹாலுக்குள் வரக் கூடாது. மன்னிப்புக் கடிதத்தில் அப்பாவின் கையெழுத்து வேண்டும்.

பொன்னுசாமி கடிதத்தை எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். திட்டவில்லை. "அந்த மனுசன் குடும்பம் யாருன்னு தெரியுமா? அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?" என்று கேட்டார்.

"தெரியாதுப்பா. யாருக்கும் தெரியாது."

அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வகுப்பில் சொன்ன நாளன்றே ஜெபின் பேசிவிடுவான் என்று நினைத்தாள். திட்டுவான், அல்லது கிண்டல் செய்வான். மூன்று நாள் கழித்துத்தான் பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் வந்து நின்றான்.

"அன்னிக்கு எனக்குப் பின்னாடி நீதான நின்ன?"

"ஆமா."

"நான் எழுதினத பாத்தியா?"

இதை மேடம் கேட்கவில்லை, வகுப்பும் கேட்கவில்லை. இல்லை என்று அவள் சொன்னால் நம்பிவிடுவான். நம்புவதற்குத்தான் மூன்று நாள் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"பாத்தேன்" என்றாள்.

ஜெபின் தலையை ஆட்டினான். தாம்பரம் பஸ் வந்தது. அவன் முன்பக்கமாக ஏறி, அவள் நின்ற பக்கத்தை விட்டு, சாலைப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான்.