தலைமாற்றிப் போட்ட பற்றரி

டோர்ச் லைற் வாங்கப் போனால் நான் முதலில் பின்மூடியைத்தான் கழற்றிப் பார்ப்பேன். உள்ளே இருக்கும் சுருள்கம்பியை விரலால் அழுத்திப் பார்ப்பேன். வாவிக்கரையில் குடியிருக்கிறவர்களுக்கு உப்புக்காற்று ஒரு பக்கம், மாரி ஈரம் ஒரு பக்கம். கம்பியில் துருப் பிடித்தால் எத்தனை புதுப் பற்றரி போட்டாலும் எரியாது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எனக்குத் தெரிந்த கொஞ்சமும் பயந்து பயந்து தெரிந்துகொண்டதுதான்.

என் மருமகள், தம்பியின் மகள், போன மாதம் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், புதுவீடு குடிபுகுந்தாள். புருசன் கட்டாரில் வேலை. கைக்குழந்தையோடு தனியே இருக்கிறாள். காற்று கொஞ்சம் பலத்தாலே அந்தப் பக்கம் கரண்ட் நின்றுவிடும். மரம் முறிந்தால் மூன்று நாளைக்கு வராது. மழை துவங்க முதல் ஒரு நல்ல டோர்ச் வாங்கி வைக்க வேண்டும் என்று தினமும் போனில் நச்சரித்து, கடைசியில் அவளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன்.

கடைக்காரரை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஆறேழு டோர்ச்சை மேசையில் பரப்பினார்.

"இது சார்ஜ் பண்ணுறது, அக்கா. இப்ப எல்லாரும் இதத்தான் கொண்டு போறாங்க."

"மூணு நாள் கரண்ட் இல்லாட்டி எதில சார்ஜ் பண்ணுற, காக்கா?"

"அதுக்குத்தான் சோலர் வெச்சது இருக்கு."

"மூணு நாளும் வெயில் இல்லாட்டி?"

அவர் என் மருமகளைப் பார்த்தார். "உங்கட மாமிய வானிலை சொல்ற வேலைக்கு எடுத்திருக்கோணும், புள்ள."

"மாமிக்கு வெயிலடிச்சாலும் பயந்தான், காக்கா" என்றாள் அவள்.

இரண்டு பெரிய பற்றரி போடுகிற டோர்ச் ஒன்றை எடுத்தேன். பிளாஸ்டிக் உடம்பு, துருப் பிடிக்காது. அந்தப் பற்றரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் பல இரவுக்குத் தாங்கும் என்று காக்கா பற்றரி போட்டுத் தந்தார். சுவிட்சை அமர்த்தி எரியவிட்டேன், நூத்து அணைத்தேன், திரும்ப எரியவிட்டேன்.

"வீட்ட போக முதல் சுவிட்ச் தேஞ்சிரும், அக்கா" என்று சிரித்துக்கொண்டே பற்றரிகளைக் கழற்றித் தந்தார். "ஒண்டு சொல்றன் கேளுங்க. பாவிக்காத நாளையில ஒரு பற்றரிய தலைமாத்திப் போட்டு வைங்க. சுவிட்ச் தவறி அமந்தாலும் எரியாது. பற்றரி இறங்காமக் கிடக்கும்."

"வேணாம்!"

என் சத்தத்தில் பிள்ளை திடுக்கிட்டு அழத் தொடங்கிவிட்டது. மருமகள் என்னை முறைத்துப் பார்க்க, நான் காசை எண்ணிக் கொடுத்தேன்.

அந்த வேலை எனக்குத் தெரியும். என் தம்பி வாவியில் இறால் பிடித்தவன். பொழுதுபடத் தோணி திரும்பும்போது கரையில் நின்று டோர்ச் அடித்துக் காட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் துறைக்கு முன்னால் மீன் மறிக்கும் பழைய மீன்கட்டுக் கம்புகள் தண்ணீருக்குள் நிறைய ஊன்றிக் கிடந்தன. வெளிச்சத்துக்கு நேரே வந்தால்தான் இடையில் உள்ள வழி பிடிபடும். அவன் பெண்சாதி மூன்று வயதாயிருந்த இந்த மருமகளோடு கிரானுக்குத் தாய்வீடு போயிருந்த கிழமை அது. லைற் அடிக்க நான்தான் இருந்தேன்.

அன்றைக்குப் பின்னேரம் காற்றும் மழையும் ஒன்றாக வந்தன. துறைக்கு ஓடிப்போய் சுவிட்சை அமர்த்தினேன். எரியவில்லை. உள்ளங்கையில் தட்டினேன். எரியவில்லை. பற்றரி செத்துவிட்டது என்று றோட்டுக்கடைக்கு ஓடினேன், கடை பூட்டு. பக்கத்து வீட்டு லாம்பை வாங்கி வந்தேன், காற்று நூத்துப் போட்டது. விடியத் தோணியைக் கம்புகளுக்கிடையில் கண்டார்கள். அவனை மத்தியானம்.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் அந்த டோர்ச்சைத் திறந்தார். உள்ளே பற்றரிகள் புதுசு. நாலு நாளுக்கு முன் நான் போட்டது. வீணாக இறங்கிவிடுமே என்ற பயத்தில் ஒன்றைத் தலைமாற்றிப் போட்டிருந்தேன். அவசரம் வந்தபோது அதை எப்படி மறந்தேன் என்று இன்னும் விளங்கவில்லை. அவர் பற்றரியைத் திருப்பிப் போட்டு அமர்த்தினார். சுவரில் வட்டமாக வெளிச்சம் விழுந்தது. என்னைப் பார்த்தார். நூத்து ஆணியில் கொழுவினார். சாகும்வரை அதைப் பற்றி ஒரு சொல் பறையவில்லை. போன வருசம் அவரும் போனார். அதன்பின் இது தெரிந்த ஒரே ஆள் நான்.

காற்று கொண்டுபோனது என்றுதான் மருமகளுக்குச் சொல்லி வளர்த்தோம். எனக்கு, பொழுதுபடக் காற்று எழும்பினால் தண்ணீர்ப் பக்கமிருந்து ஒரு குரல் வரும். "அக்கா, லைற்ற அடி." அன்றைக்கு அப்படிக் கேட்டதா என்று நிச்சயமில்லை. இப்போது கேட்கிறது.

கடையிலிருந்து நேரே அவள் வீட்டுக்குப் போனோம். பிள்ளையை ஏணைத் தொட்டிலில் போட்டுவிட்டு அவள் பற்றரி போட உட்கார்ந்தாள். ஒன்றை நேராகப் போட்டாள். மற்றதைத் தலைமாற்றிப் போட்டாள்.

"காக்கா சொன்னது நல்ல யோசனைதானே, மாமி. ஏன் அப்பிடிக் கத்தினீங்க?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் மழை வரப்போகிறது. அவள் இந்த வீட்டில் தனியே இருக்கப்போகிறாள்.

"உங்கப்பா வராமப் போன அண்டைக்கு நான் இப்பிடித்தான் போட்டு வெச்சிருந்தன், புள்ள. மறந்து போனன். லைற் எரியல்ல."

மிச்சத்தையும் சொன்னேன். அவள் ஏணைக் கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிள்ளை உறங்கிய பிறகு கேட்டாள்.

"அப்பா கூப்பிட்டவரா?"

"தெரியா, மகள். பெருங்காத்து."

அவள் டோர்ச்சைக் கையில் எடுத்தாள். அதைக் கவிழ்த்து இரண்டு பற்றரியையும் எடுத்து என் கையில் வைத்தாள்.

"நீங்க போடுங்க."

 இரண்டையும் ஒரே பக்கம் பார்க்கப் போட்டு மூடியை இறுக்கினேன். அவள் வாங்கி சுவிட்சை அமர்த்தினாள். மத்தியான வெயிலில் வெளிச்சம் தெரியவில்லை. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து மூடினாள். விரல் இடுக்கெல்லாம் சிவப்பாக எரிந்தது. அப்படியே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பற்றரி இறங்கிவிடும், நூரு என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.